123232 எண்டா அம்மாவா, அஆஇயா?

கேள்வி: சேர், நானும் மூதூர்ல இருக்கிற என்ட கூட்டாளியும் தமிழை நம்பரா மாத்தி வாட்ஸ்அப்பில அனுப்பி விளையாடுறம். அ 1, ஆ 2, அப்பிடியே ஔ 12, ஃ 13, பிறகு க் 14ல இருந்து ன் 31 மட்டும். உயிர்மெய் வந்தா மெய்யையும் உயிரையும் பக்கத்தில பக்கத்தில போடுவம். 'அம்மா' எண்டு 123232 அனுப்பினன், அவன் 'அஆஇஆஇஆ' எண்டு வாசிச்சுப்போட்டு சிரிக்கிறான். ஆரில பிழை?
— ஓ.எல். மாணவன், உவர்மலை

பதில்: தம்பி, அவனில பிழையே இல்ல, அவன் வாசிச்சதும் உங்கட அட்டவணைப்படி சரிதான். நீங்க 1, 23, 23, 2 எண்டு நினைச்சு எழுதினீங்க, அவன் ஒவ்வொரு இலக்கமா எடுத்தான், 12ல தொடங்கி ஔ எண்டு வாசிச்சிருந்தாலும் கேட்க ஏலாது. எழுத்தை நம்பராக்கிறது சின்னப்பிள்ளை வேலை, திருப்பி எடுக்கேக்கதான் சிக்கல், ஏனெண்டா ஒரு எழுத்து எங்க முடியுது எண்டு அந்த நம்பருக்குள்ளயே இருக்கோணும்.

எல்லாத்தையும் ரெண்டு இலக்கமா ஆக்கலாம், அ 01, ஆ 02. அப்ப அம்மா 01232302. நல்லாத்தான் இருக்கு, ஆனா இதை எக்செல்ல போட்டுப் பாருங்க, முன்னுக்கு இருக்கிற சைபரை அது விழுங்கிப்போடும் (நம்மட 026 போன் நம்பருகளை அடிச்சு 26 ஆக்கின ஆக்களுக்கு இந்த வயித்தெரிச்சல் தெரியும்). மிஞ்சிறது 1232302, அதை ரெண்டு ரெண்டா வெட்டினா 12, 32... 32ல உங்களுக்கு எழுத்தே இல்ல. அதால எல்லாத்தோடயும் பத்தைக் கூட்டுங்க. அ 11, ன் 41, அம்மா 11333312. இப்ப வெட்ட ஒரே ஒரு வழிதான். சொல்லுக்கு நடுவில வாற இடைவெளிக்கும் 42 எண்டு ஒண்டு குடுங்க, இல்லாட்டி 'அவன் இங்க' எண்டது 'அவனிங்க' எண்டு ஒட்டிக்கொண்டு வரும்.

போனும் இதைத்தான் செய்யுது, ஆனா மெய்யை அது வேற மாதிரிப் பாக்குது. யூனிகோட்ல (எல்லா மொழி எழுத்துக்கும் நம்பர் குடுத்து வச்சிருக்கிற பொது அட்டவணை) 'க' எண்டது அகரத்தோடயே ஒரு நம்பர், 2965, புள்ளிக்குத் தனியா 3021. அம்மாவுக்கு 2949, 2990, 3021, 2990, 3006, உங்களுக்கு நாலு நம்பர் போதும், அதுக்கு அஞ்சு. அனுப்பேக்க யூடிஎஃப் 8 எண்ட முறையில ஒவ்வொண்டையும் மூண்டு பைட்டா (பைட் எண்டா 0ல இருந்து 255க்குள்ள ஒரு சின்ன நம்பர்) உடைக்குது. க எண்டா 224, 174, 149. இந்த 224ஐக் கண்டவுடனேயே வாசிக்கிற மெஷினுக்கு விளங்கிடும், இவருக்குப் பின்னால இன்னும் ரெண்டு பேர் வருகினம் எண்டு. பின்னால வாற ஆக்கள் எப்பவும் 128க்கும் 191க்கும் இடையிலதான், அதால நடுவில ஒரு பைட் துலைஞ்சாலும் அடுத்த எழுத்தைப் பிடிச்சிடலாம். உங்கட முறையில ஒரு இலக்கம் விட்டுப்போனா அதுக்குப் பிறகு முழுக்கக் குழம்பும், கவனம்.

ரகசியம் எண்டு மட்டும் நினைச்சிடாதீங்க, அட்டவணை கையில இருக்கிற எவனும் வாசிப்பான்.

கேள்வி: கோயில் திருவிழா நோட்டீஸ் ஒண்டு, பழசு, பாமினியில அடிச்சது. போன்ல திறந்தா தமிழே இல்ல, இங்கிலிஷ் எழுத்தும் செமிகோலனுமா வருது. வைரஸா?
— வாசகி, பாலையூற்று

பதில்: வைரஸ் இல்ல அக்கா. பாமினி தமிழுக்கு எண்டு நம்பர் வச்சிருக்கேல்ல, இங்கிலிஷ் எழுத்திட கதிரையில தமிழ் எழுத்தை ஏத்தி இருத்தின எழுத்துரு அது. சின்ன எம்மிட 109ல அ இருக்கு, கேயிட 107ல ம, செமிகோலன்ட 59ல புள்ளி, எச்சிட 104ல அரவு. அப்ப அம்மா எண்டது ஃபைலுக்குள்ள 109, 107, 59, 107, 104. பாமினி இருக்கிற கம்ப்யூட்டர்ல அம்மா தெரியும், உங்கட போனுக்கு அந்தக் கதை தெரியாது, எம் கே செமிகோலன் கே எச் எண்டு உள்ளதை உள்ளபடி காட்டும்.

பாமினியை யூனிகோட்டா மாத்திற கன்வேட்டர் இணையத்தில சும்மாவே கிடைக்குது, கொப்பி பண்ணிப் போடுங்க. ஆனா முழுசையும் ஒரேயடியாப் போடாதீங்க, நோட்டீஸுக்குள்ள உண்மையான இங்கிலிஷ் சொல்லு இருந்தா அதையும் தமிழ் எண்டு நினைச்சுக் கண்டபடி மாத்திப்போடும். கொம்பு வாற எழுத்தையும் ஒருக்காப் பாருங்க, பாமினியில கண்ணுக்குத் தெரியிற மாதிரி கொம்பு முதல், க பிறகு, யூனிகோட்ல க முதல், கொம்பு பிறகு. நல்ல கன்வேட்டர் இடம் மாத்தும், சிலது மறந்துபோகும், அப்ப கொம்பு அந்தரத்தில நிக்கும்.

கேள்வி: தமிழ்ல எஸ்எம்எஸ் அனுப்பினா ஏன் கெதியா ரெண்டு மெசேஜ் ஆகுது?
— நிலாவெளி வாசகர்

பதில்: ஒரு எஸ்எம்எஸ்ஸில 140 பைட்தான் இடம். ஒரு பைட் எண்டா எட்டு பிட், இங்கிலிஷ் எழுத்தை ஏழு பிட்டில அடைக்கலாம், 160 போகும். தமிழுக்கு ஒண்டுக்கு ரெண்டு பைட், அதால 70தான், அதிலயும் புள்ளி, கொம்பு எல்லாம் தனித்தனிக் கணக்கு. 'திருகோணமலை' நமக்கு ஆறு எழுத்து, போனுக்குப் பத்து.