பாஸிங் அவுட் பரேடோட பயிற்சி முடிஞ்சிடக் கூடாது

கேள்வி: போலீஸ்காரங்களோட பயிற்சியும் பாதுகாப்பும் இன்னும் நல்லா இருக்கணும்னா என்ன மாத்தணும்?

எங்கப்பா வடசென்னையில எஸ்.எஸ்.ஐ.யா, அதாவது சிறப்பு சப்-இன்ஸ்பெக்டரா இருந்து ரிட்டயர் ஆனவரு, அக்கா வீட்டுக்காரர் இப்போ ஒரு ஸ்டேஷன்ல கிரேடு ஒன் காவலர், நான் வளர்ந்ததே போலீஸ் குவார்ட்டர்ஸ்லதான். அதனால எனக்கு இதுல ரொம்ப உறுதியான அபிப்ராயம் இருக்கு. புதுசா சேர்றவங்களுக்கு ஏழெட்டு மாசம் ட்ரெய்னிங் குடுக்குறாங்க, கவாத்து, ஓட்டம், சட்டம், துப்பாக்கி எல்லாம் இருக்கு, அதை நான் குறை சொல்லல. பயிற்சி முடிச்சு வேலைக்குப் போகும்போது நடக்குற பாஸிங் அவுட் பரேடு முடிஞ்ச அப்புறம் அடுத்த முப்பது வருஷத்துக்கு என்ன சொல்லித் தர்றோம்? பிரச்சனை அங்கதான்.

நம்ம ஊர்ல போலீஸ்காரங்க உயிர் போன சம்பவங்களை எடுத்துப் பாருங்க. 2020 ஜனவரியில களியக்காவிளை செக்போஸ்ட்ல எஸ்.எஸ்.ஐ. வில்சன் டூட்டில இருக்கும்போதே சுட்டுக் கொன்னாங்க. 2021 நவம்பர்ல திருச்சி பக்கத்துல நவல்பட்டு எஸ்.எஸ்.ஐ. பூமிநாதன் ராத்திரி ரோந்துல ஆடு திருடுறவங்களை பைக்ல துரத்திக்கிட்டே புதுக்கோட்டை பக்கம் வரைக்கும் போயி, மடக்கிப் பிடிச்ச இடத்துல தனியா நின்னாரு, வெட்டிட்டாங்க. மதுரவாயல் இன்ஸ்பெக்டர் பெரியபாண்டியன், கொளத்தூர் நகைக்கடை கொள்ளை கேஸ்ல 2017 டிசம்பர்ல ராஜஸ்தான் போனவரு, கொள்ளையனுங்க சுட்டுட்டாங்கன்னுதான் முதல்ல நினைச்சோம், அப்புறம் அங்க விசாரிச்சப்போ கூடப் போன டீம்ல இருந்தவரோட துப்பாக்கியிலேர்ந்து தவறுதலா பட்ட குண்டுன்னு சொன்னாங்க. மூணு பேருக்குமே தைரியம் குறைச்சல் இல்ல. தனியா மாட்டிக்கிட்டா என்ன பண்றது, தெரியாத ஊர்ல இருட்டுல ரெய்டு போகும்போது யார் எங்க நிக்கணும், இதையெல்லாம் கை பழகுற வரைக்கும் திரும்பத் திரும்ப செஞ்சு பார்த்திருக்கணும், அந்த மாதிரி பயிற்சி ஸ்டேஷன் ஆளுங்களுக்குக் கிடைக்கிறதே இல்ல. பூமிநாதன் செத்த அப்புறம் ரோந்துக்கு துப்பாக்கி எடுத்துட்டுப் போங்க, உயிருக்கு ஆபத்துன்னா பயன்படுத்துங்கன்னு டி.ஜி.பி. சொன்னாரு, நல்ல விஷயம்தான், ஆனா வருஷத்துக்கு ஒரு தடவை துப்பாக்கி சுடுற ரேஞ்சுக்குப் போயி நின்ன இடத்துலேர்ந்து அட்டையைச் சுட்டுட்டு வர்றவர் கையில அந்தத் துப்பாக்கி அவருக்கே ஆபத்துங்க.

சென்னையில தினம் நடக்குற ஒண்ணைச் சொல்றேன், நைட்டு வண்டி செக்கிங். பாலம் இறங்குற இடத்துலயே பேரிகேடு, லைட்டு சரியா இருக்காது, ரெண்டு மூணு பேர் நிப்பாங்க, அதுல ஒருத்தர் நடு ரோட்டுல போயி கையைக் காட்டுவாரு, பையன் ஒருத்தன் தண்ணி போட்டுட்டோ லைசென்ஸ் இல்லாமலோ ஸ்பீடா வர்றான், பயத்துல வளைக்கிறான், இவரு எட்டி ஹேண்டில்பாரைப் பிடிக்கப் போறாரு. அடிபடுறது சில நேரம் போலீஸ்காரர், சில நேரம் அந்தப் பையன், பின்னாடி உக்காந்திருந்தவன். இதுக்கு பெரிய செலவெல்லாம் வேணாம். தூரத்துலயே தெரியுற நேரான ரோட்டுல பேரிகேடை வளைஞ்சு வளைஞ்சு வைக்கணும், வண்டி தானா ஸ்லோ ஆகும். வெளிச்சம் வேணும், ஜாக்கெட் போட்டே தீரணும், பேரிகேடுக்கு சைடுல நிக்கணும், ஒருத்தர் பேசும்போது இன்னொருத்தர் அவன் கையைக் கவனிக்கணும். நிக்காமப் போனா விட்டுடணும், நம்பரை வயர்லெஸ் மைக்ல சொன்னா அடுத்த பாயிண்ட்ல மடக்கிக்கலாம். மாமா இதையெல்லாம் கத்துக்கிட்டது அவரோட பழைய ஏட்டு ஒருத்தர் கிட்டதான், அந்த ஏட்டு வேற ஸ்டேஷனுக்கு மாறிப் போயிருந்தா அதுவும் இல்ல.

ஸ்டேஷனுக்குள்ள வர்ற ஆளோட பாதுகாப்பையும் இதோட சேர்த்துதான் நான் பார்க்கிறேன், தனியா பிரிக்க முடியாது. 2020 ஜூன்ல சாத்தான்குளத்துல அப்பா, மகன் ரெண்டு பேரை போலீஸ்காரங்களே ஸ்டேஷன்ல வச்சு அடிச்சே கொன்னது சும்மா பயிற்சி இல்லாததால நடந்ததுன்னு சொல்லவே மாட்டேன், அது குற்றம், தண்டனைதான் அதுக்குப் பதில். ஆனா அடிக்காம ஒரு கேஸை எப்படி விசாரிச்சு முடிக்கிறதுன்னு கத்துக்கவே வாய்ப்பு கிடைக்காத ஆளு, மேலேர்ந்து பிரஷர் வந்தா லத்தியைத்தான் எடுப்பாரு. 2024 ஜூலை 1லேர்ந்து சட்டமே மாறிடுச்சு, சோதனை போடும்போது வீடியோ எடுக்கணும்னு இருக்கு, தற்காப்பு உரிமை இப்ப ஐ.பி.சி.க்குப் பதிலா வந்த பாரதிய நியாய சன்ஹிதாவுல 34லேர்ந்து 44 வரைக்கும் உள்ள பிரிவுகளுக்குப் போயிடுச்சு. இருபது வருஷ சர்வீஸ் போட்டவருக்கு ஒரு நாள் கிளாஸ், ஒரு புத்தகம்னு குடுத்தா போதுமா?

இதையெல்லாம் எப்ப சொல்லித் தர்றதுன்னு கேப்பீங்க, கேக்க வேண்டிய கேள்விதான், ஏன்னா அவங்களுக்கு தூங்கவே நேரம் இல்ல. நைட் ரவுண்ட்ஸ் முடிச்சு வர்றவர் காலையில வி.ஐ.பி. பந்தோபஸ்துக்கு நிக்கிறாரு. வார லீவு குடுக்கணும்னு 2021லயே அரசாணை போட்டாங்க, ஆனா திருவிழா, மேட்ச், மீட்டிங்னு வந்துட்டா முதல்ல கேன்சல் ஆகுறது அந்த லீவுதான். தூக்கம் இல்லாதவரோட பொறுமையும் போயிடும், கையில இருக்குற துப்பாக்கியும் தடுமாறும். அதனால பயிற்சியை லீவு நாள்ல வைக்காதீங்க, டூட்டியாவே கணக்குல எடுங்க, ரோஸ்டர்லயே எழுதுங்க. ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் எல்லாரையும் கூப்பிட்டு வருகை எடுக்குற ரோல் கால்ல, வாரத்துல ஒரு தடவை அரை மணி நேரம், போன வாரம் அந்த ஸ்டேஷன் லிமிட்ல நடந்த ஒரு சம்பவத்தை எடுத்து யார் மேல தப்புன்னு பேசாம எப்படிச் செஞ்சிருக்கலாம்னு மட்டும் நடிச்சுப் பார்க்கணும். மெமோ குடுப்பாங்கன்னு பயம் இருந்தா எவரும் வாயைத் திறக்க மாட்டாரு, அதனால அங்க பேசுறது எதுவும் ரெக்கார்டுல ஏறக் கூடாது.

நடத்துறதுக்கு ஆள் வேணும்னா ரிட்டயர் ஆன எஸ்.எஸ்.ஐ.ங்க சென்னை முழுக்க இருக்காங்க, இருபத்தஞ்சு வருஷம் ஸ்டேஷன்லயே கிடந்து அந்தப் பதவிக்கு வந்தவங்க. எங்கப்பாவைக் கூப்பிட்டா நாளைக்குக் காலையிலயே ஷூ போட்டுக் கிளம்பிடுவாரு.