ஷார்ட்பிரெட் ஏன் பரவுகிறது, ஏன் கல்லாகிறது?

கேள்வி: விடுமுறைக்காக ஷார்ட்பிரெட் குக்கீஸ் செய்தேன். ஓவனில் வைத்ததும் பரவி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. ஆறியதும் கடிக்க முடியாத அளவுக்குக் கல்லாகிவிட்டன. வெண்ணெய், சர்க்கரை, மைதா மூன்றும்தானே? எங்கே தவறினேன்?

பதில்: பரவியதற்கு ஒரு காரணம், கல்லானதற்கு வேறு காரணம். இரண்டையும் எளிதாகச் சரிசெய்துவிடலாம்.

முதலில் அளவு. எடையில் சர்க்கரை ஒரு பங்கு, வெண்ணெய் இரண்டு, மைதா மூன்று. அதாவது பொடித்த சர்க்கரை 100 கிராம், உப்பில்லாத வெண்ணெய் 200 கிராம், மைதா 300 கிராம், கால் டீஸ்பூன் உப்பு. தராசில் நிறுத்தே எடுங்கள். ஒரே கப்பில் மைதாவைத் தளர்வாக அள்ளினால் ஓர் எடை, அழுத்தி அள்ளினால் வேறு எடை. பேக்கிங் பவுடர், முட்டை எதுவும் வேண்டாம்.

பரவியதற்குக் காரணம் இளகிய வெண்ணெய். விரலால் அழுத்தினால் குழி விழ வேண்டும், ஆனால் விரலில் எண்ணெய்ப் பளபளப்பு ஒட்டக் கூடாது. அந்தப் பதம்தான் சரி. பளபளத்தால் மறுபடி ஃபிரிட்ஜில் வையுங்கள். சர்க்கரையும் வெண்ணெயும் ஒன்றுசேரும் வரை மட்டும் குழைத்தால் போதும். நுரைக்க நுரைக்க அடித்தால் காற்று புகுந்து, குக்கீ உப்பி, வடிவம் கெடும்.

இனி மைதா. குக்கீ கல்லானதற்குக் காரணம் பெரும்பாலும் இங்கேதான். வெண்ணெயில் ஏறக்குறைய 80 சதவீதம் கொழுப்பு. மீதியில் பெரும்பகுதி தண்ணீர். அந்தக் கொஞ்சத் தண்ணீரோடு மைதாவைப் பிசையப் பிசைய குளூட்டன் என்ற பசைப் புரதம் இழுபட்டு மாவு இறுகும். கொழுப்பு மாவைப் போர்த்தி அதைத் தடுப்பதால்தான் ஷார்ட்பிரெட் வாயில் உதிர்கிறது. பெயரில் உள்ள 'ஷார்ட்' என்ற சொல்லுக்கே 'எளிதில் உதிர்வது' என்று ஒரு பழைய பொருள் உண்டு. ஆகவே பிசையாதீர்கள், விரல் நுனியால் கலந்துவிடுங்கள். பிடித்தால் பிடி நிற்க வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும். வறண்டு தெரிகிறதே என்று தண்ணீரோ பாலோ தெளித்துவிடாதீர்கள். உள்ளங்கையால் அழுத்தினாலே சேர்ந்துவிடும். 300 கிராம் மைதாவில் 50 கிராமுக்குப் பதில் அரிசி மாவு சேர்த்தால் மொறுமொறுப்பு கூடும். எனக்கு அப்படிச் செய்வதுதான் பிடிக்கும்.

இரண்டு பட்டர் பேப்பருக்கு நடுவே ஒரு சென்டிமீட்டர் கனத்துக்கு உருட்டி, வெட்டி, முள்கரண்டியால் குத்தி, தட்டோடு அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். இதை மட்டும் தவிர்க்கவே கூடாது. வெண்ணெய் உருகி ஓடுவதற்குள் மாவு வெந்து வடிவம் பிடிக்க இந்தக் குளிர்ச்சிதான் அவகாசம் தருகிறது. அடுத்த ஈட்டைச் சூடான தட்டில் அடுக்காதீர்கள்.

முன்கூட்டியே சூடாக்கிய ஓவனில் 160 டிகிரி செல்சியஸ், 18 முதல் 22 நிமிடம். ஓரம் இளம்பொன்னிறமாகவும் நடு வெளிறியும் இருக்கும்போதே வெளியே எடுங்கள். தொட்டால் மெத்தென்று இருக்கும்; வேகவில்லை என்று நினைத்து மறுபடி உள்ளே தள்ளுகிறவர்கள்தான் அதிகம். ஆற ஆறத்தான் அது விறைக்கும். பத்து நிமிடம் தட்டிலேயே விடுங்கள், அதுவரை தூக்கினால் உடையும்.

விடுமுறை நெருக்கடியில் எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய வேண்டியதில்லை. மாவை உருளையாக உருட்டி, இறுகச் சுற்றி ஃப்ரீசரில் வைத்தால் இரண்டு மாதம் தாங்கும். வேண்டும்போது பத்து நிமிடம் வெளியே வைத்து, வில்லைகளாக நறுக்கிச் சுட்டுக்கொள்ளலாம். முதலில் ஒன்றை மட்டும் சுட்டுப் பாருங்கள். பரவினால் மீதியை இன்னும் கால் மணி நேரம் குளிரவையுங்கள்.