கருமணல் நம் கரையில், காந்தம் மட்டும் சீனாவிலா?

எங்கள் ஊர்க் கருமணலில் அருமண் தனிமங்கள் இருக்கின்றன. அப்படியிருந்தும் 2025இல் சீனா கெடுபிடி செய்ததும் நம் வண்டிக் கம்பெனிகள் காந்தம் கிடைக்காமல் ஏன் திண்டாடின?
– வாசகர், மணவாளக்குறிச்சி

ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் எல்லாரும் டயர் செய்துவிடுவதில்லையே! உங்கள் ஊர் ஆலையில் நடப்பது முதல் படி மட்டும். மணலைத் தண்ணீரோடு சுழல் சரிவுகளில் விட்டுக் கனமான பகுதியைப் பிரிப்பார்கள். அதை உலர்த்தி உயர் மின்னழுத்தக் கருவியில் விட்டால், மின்சாரம் கடத்தும் தாதுக்களான இல்மனைட், ரூட்டைல் ஒரு பக்கம் விழும். கடத்தாத சிர்கான், கார்னெட், மோனசைட் மறுபக்கம் விழும். பிறகு காந்தப் பிரிப்பான் மோனசைட்டைத் தனியாக்கும். அதன் எடையில் பாதிக்கு மேல் அருமண் ஆக்சைடு. சிக்கல், கூடவே வரும் 8–10% தோரியம் ஆக்சைடு. அணுசக்திப் பொருள் என்பதால் அரசின் பிடி.

அடுத்து சூடான காஸ்டிக் சோடாவில் மோனசைட்டைச் சிதைத்து, அமிலத்தில் கரைக்க வேண்டும். ஒடிசாவின் சத்ரபூரில் இது நடக்கிறது. அமிலம் கொஞ்சம் கூடினாலும் தோரியமும் சேர்ந்து கரைந்துவிடும். அதைத் தாண்டினால் கரைப்பான் பிரிப்பு, அதாவது அருமண் தனிமங்களை ஒவ்வொன்றாகத் தனியாக்குவது. காந்தத்துக்கு வேண்டிய நியோடிமியமும் பிரசியோடிமியமும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. அவற்றைப் பிரிக்க கலக்கித் தெளியவைக்கும் தொட்டிகள் வரிசையாக நூற்றுக்கணக்கில் வேண்டும். கடைசியில் உலோகமாக்கி, இரும்பும் போரானும் சேர்த்து உருக்கி, 3–5 மைக்ரான் பொடியாக்கி, காந்தப்புலத்தில் அழுத்தி, 1,000 டிகிரி செல்சியஸுக்கு மேல் சுடுவார்கள். பொடியில் காற்றுப் பட்டால் சரக்கு வீண். இந்தக் கடைசிப் படியில்தான் சீனா உட்கார்ந்திருக்கிறது: உலக அருமண் காந்த உற்பத்தியில் சுமார் 90%.

இன்னொன்று. 2025 ஏப்ரல் 4 அன்று சீனா ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்ட ஏழு தனிமங்களில் டிஸ்ப்ரோசியமும் டெர்பியமும் உண்டு. மோட்டார் சூடேறும்போது காந்தம் வலுவிழக்காமல் காப்பவை இவை. நம் மோனசைட்டில் இவை மிகச் சொற்பம். தென்சீனாவிலும் மியான்மரின் கச்சின் பகுதியிலும் உள்ள களிமண்ணில்தான் பெரும்பாலும் கிடைக்கின்றன.

சீனா போட்டது முழுத் தடையா?
– வாசகர், நாகர்கோவில்

இல்லை, உரிமம். யார், எதற்குப் பயன்படுத்துகிறார்கள், ராணுவத்துக்குப் போகாதா என்று வாங்குபவர் எழுதிக் கொடுக்க வேண்டும். காகிதம் நகராவிட்டால் கப்பலும் நகராது. 2025 அக்டோபர் 9 அன்று பட்டியலை நீட்டினார்கள். அக்டோபர் 30 அன்று டிரம்பும் ஷி ஜின்பிங்கும் பூசானில் சந்தித்த பின் அந்த நீட்டிப்பை மட்டும் ஓராண்டு ஒத்திவைத்தார்கள். ஏப்ரல் பட்டியலைக் கைவிடவில்லை.

வல்லரசுகளின் கண் நம் மணல்மேல் பட்டது இப்போதுதானா?
– வாசகர், குளச்சல்

1909இலேயே பட்டுவிட்டது. நம் கரையிலிருந்து ஜெர்மனிக்குப் போன தேங்காய் நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டுபிடித்தவர் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர். அன்று மவுசு தோரியத்துக்கு. காஸ் விளக்கின் மேண்டில் வலை செய்ய. முதல் உலகப் போர் வந்ததும் தொழில் ஆங்கிலேயர் கைக்கு மாறியது.

காந்த ஆலைத் திட்டத்தால் எங்கள் கரையில் இன்னும் தோண்டுவார்களா?
– வாசகர், கிள்ளியூர்

கணக்குப் போட்டுப் பாருங்கள். 2025 நவம்பரில் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்த 7,280 கோடி ரூபாய் திட்டத்தின் இலக்கு ஆண்டுக்கு 6,000 டன் காந்தம். அதில் சுமார் 30% நியோடிமிய வகை (நியோடிமியமும் பிரசியோடிமியமும் சேர்ந்து) என்றால் 1,800 டன் உலோகம்; ஆக்சைடாகச் சொன்னால் சுமார் 2,100 டன். 100 கிலோ மோனசைட்டில் இந்த வகை ஆக்சைடு 12 கிலோ போலத்தான் தேறும். ஆக, சேதாரம் சேர்க்காமலே சுமார் 17,500 டன் மோனசைட் வேண்டும். கிள்ளியூர் பகுதியில் 1,144 ஹெக்டேர் கேட்கும் திட்டத்தை இந்த எண்ணோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: பிரித்தெடுத்த அருமண்ணில் மூன்றில் இரண்டு பங்கு சீரியமும் லாந்தனமும்தான். காந்தத்துக்குப் பெரிதாக உதவாத அந்தக் குவியலையும், மிஞ்சும் தோரியத்தையும் எங்கே வைப்பார்கள்?