அவர் எழுதிய ‘லை’

வணக்கம் சார்,

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து எழுதுகிறேன். போன மாதம் அப்பா தவறிவிட்டார். நாற்பது வருஷத்துக்கு மேல் கடலூரில் போர்டு எழுதியவர். லாரன்ஸ் ரோட்டில் ஏணிமேல் உட்கார்ந்திருக்கும் அவரை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அக்கா பிறந்திருந்த சமயம் மெட்ராஸில் சினிமா கட்அவுட் வரையப் போனாராம். ஆறே மாதத்தில் திரும்பிவிட்டார். வேலை முடிந்து வந்தால் மண்ணெண்ணெயில் கையைத் துடைத்து, சோப்பு போட்டு, முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் எங்களைத் தூக்குவார். எங்களுக்காகக் கலையையே தியாகம் செய்தார் என்று அம்மா சொல்லிச் சொல்லி அழுகிறார். காரியத்துக்கு வந்த எல்லாரும் “நல்ல மனுஷன்” என்றார்கள். கலைஞர் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. அது உறுத்துகிறது. பெயர் போட வேண்டாம்.

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

நன்றாகவே பார்த்திருக்கிறேன். நான் எழுத்துக்கூட்டிப் படித்ததில் பாதி அவர் எழுதியதுதான். மஞ்சக்குப்பத்திலிருந்து டவுன் பஸ்ஸில் போகும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து போர்டுகளைச் சத்தமாகப் படிப்பேன். பஸ் நகர்வதற்குள் முடிக்க வேண்டும். அவர் கை பட்ட போர்டு என்றால் முடித்துவிடலாம்.

1978-ல் அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. ‘லை’, ‘னை’ எல்லாம் தலைமேல் இருந்த தும்பிக்கையை இழந்து, ‘கை’, ‘மை’க்கு வருகிற கொம்பை வாங்கிக்கொண்டன. ‘ணா’, ‘றா’, ‘னா’வுக்குக் கால் முளைத்தது. நமக்கு அது பாடப்புத்தகச் சமாசாரம். போர்டு எழுதுகிறவருக்கு அப்படியில்லை. ‘அண்ணாமலை’ என்று ஒரு பெயர் வந்தால் இரண்டு இடத்தில் அகலம் கூடும். தகரமோ அதே அளவு. எழுத்தை நசுக்கி உள்ளே தள்ளியவர்கள் உண்டு. உங்கள் அப்பா எழுத்தில் கை வைக்க மாட்டார். இடைவெளிகளில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருடுவார்.

ஒருநாள் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் பக்கத்தில் நின்று பார்த்தேன். சுண்ணாம்பு தடவிய நூலை இழுத்துச் சுண்டி, மேலே ஒன்று கீழே ஒன்று கோடு போட்டார். இடது கையில் நுனியில் துணி சுற்றிய குச்சி, அதன்மேல் வலது மணிக்கட்டு. பென்சிலே எடுக்கவில்லை. ‘ண’வின் சுழியில் பிரஷ்ஷை வைத்தவர், அது முடிகிற இடத்தில்தான் மூச்சை விட்டார். அப்புறம் என் பக்கம் திரும்பி, “பழைய லைதான் தம்பி அழகு. என்ன பண்றது, ஜி.ஓ. போட்டுட்டாங்க” என்றார்.

இனி தியாகம். அம்மாவிடம் மறுத்துப் பேச வேண்டாம், ஆனால் எனக்கு அதில் உடன்பாடில்லை. உண்மையைச் சொன்னால் உருவம் அவருக்கு வராது. தேர்தல் சமயத்தில் சுவரில் தலைவர்களை வரைவார். கட்டம் போட்டு அளந்துதான் வரைவார், ஆனாலும் எம்.ஜி.ஆருக்கும் கலைஞருக்கும் ஒரே மூக்கு. (இரண்டு கட்சிக்காரர்களும் அதை எப்படி விட்டார்கள் என்பது வேறு கதை.) கட்அவுட் பட்டறையில் இருந்திருந்தால் கடைசிவரை யாரோ வரைந்த புடவைக்குக் கலர் நிரப்பிக்கொண்டிருப்பார். எழுத்துதான் அவருடையது. அதற்கான சுவரும் இங்கே இருந்தது, தொட்டிலும் இங்கே இருந்தது. ஜூன் மாதம் பிறந்தால் உங்கள் வீட்டுத் திண்ணையில் புது நோட்டோடு தெருப் பிள்ளைகள் வரிசையில் நிற்போம். எல்லார் பெயரையும் எழுதித் தருவார், காசு வாங்க மாட்டார். உங்கள் அக்கா நோட்டு எப்போதும் கடைசியில்தான் வரும். அதற்குள் அவள் அவர் மடியிலேயே தூங்கியிருப்பாள். தியாகம் செய்தவர் முகம் அப்படி இருக்காது.

ஃப்ளெக்ஸ் வந்த பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். 2011 டிசம்பர் 30-ல் அடித்த ‘தானே’ புயலில் ஊரிலிருந்த ஃப்ளெக்ஸ் எல்லாம் கிழிந்து போனது. கரண்ட்டும் பல நாள் இல்லை, மெஷின் ஓடவில்லை. கடைக்காரர்கள் மறுபடி அவரைத் தேடி வந்தார்கள். “புயல் அடிச்சாத்தான் நமக்குப் பொழப்பு” என்று சிரித்தார். கரண்ட் வந்ததும் அதுவும் நின்றது.

காரியத்தில் ஏன் யாரும் சொல்லவில்லை என்று கேட்கிறீர்கள். யோசித்துப் பாருங்கள், அவரைப் பெயர் சொல்லி யாராவது கூப்பிட்டிருக்கிறார்களா? “ஆர்டிஸ்ட் வந்தாச்சா?”, “ஆர்டிஸ்டுக்கு ஒரு டீ சொல்லு.” டீக்கடையில் அவர் கணக்குகூட அந்தப் பெயரில்தான் ஓடியது. வருஷக்கணக்காகக் கூப்பிட்டதை அன்றைக்குப் புதிதாகச் சொல்ல யாருக்கும் தோன்றியிருக்காது. மீதி இருந்ததைச் சொல்லியிருக்கிறார்கள்.

ஒரு வேலை இருக்கிறது. முதுநகரில் ஒரு அரிசி மண்டி வாசலில் அவர் எழுதிய போர்டு இன்னும் இருக்கிறது. முதலாளி பிடிவாதம் பிடித்ததால் சீர்திருத்தத்துக்குப் பிறகும் தும்பிக்கை போட்ட ‘லை’ எழுதிக் கொடுத்தார். இப்போது அதற்கு முன்னால் ஒரு ஃப்ளெக்ஸ் தொங்குகிறது. பையன்தான் கடையைப் பார்க்கிறான். கேட்டால் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டிக் காட்டுவான், எனக்குக் காட்டினான். போய்ப் படம் எடுத்து வையுங்கள். கையில் ஒரு ஈரத்துணி இருக்கட்டும். வலது கீழ் மூலையில் அப்பாவின் பெயர் இருக்கிறது, தூசிக்கு அடியில்.