ஆபீஸ்ல சாப்பாடு போட்டா ஆளுங்க ஒட்டுவாங்களா?

கேள்வி இதான்: அறுபது பேர் இருக்கற கம்பெனி, டீமுக்குள்ள பேச்சுவார்த்தையே இல்ல, புது ஆளுங்க நிக்க மாட்டேங்கறாங்க, வாரத்துக்கு ஒரு நாள் மதியம் கம்பெனி செலவுல சாப்பாடு போட்டா எதாவது மாறுமா, இல்ல துட்டு தான் தண்டமா?

மாறும். ஆனா சோறு போடறதால மாறாது, யாரு பக்கத்துல யாரு உக்காந்து சாப்புடறாங்கங்கறதுல தான் இருக்கு எல்லாம். அத விட்டுட்டு பிரியாணி பொட்டலம் வாங்கி ஆளுக்கு ஒன்னு டேபிள்ல வச்சீங்கன்னா ஸ்விக்கி வேலையை ஆபீஸ் செலவுல பண்ணிருக்கீங்க, அவ்ளோதான்.

நான் சென்னை பாரிஸ் கார்னர் பக்கம் ஒரு கிளியரிங் அண்ட் ஃபார்வர்டிங் ஆபீஸ்ல (கப்பல்ல வர்ற, போற சரக்க கஸ்டம்ஸ்ல கிளியர் பண்ணி அனுப்பறது) அட்மின் பாத்துக்கறேன், எங்களுதும் உங்க சைஸ் கம்பெனி தான். எங்க தொழில் எப்படின்னா பாதி பேர் ஆபீஸ்ல உக்காந்து பில் ஆஃப் என்ட்ரி (இறக்குமதிக்கு), ஷிப்பிங் பில்லு (ஏற்றுமதிக்கு)ன்னு கஸ்டம்ஸ் டாக்குமென்ட் அடிப்பாங்க, பாதி பேர் ஃபீல்டு பசங்க, காலைல கஸ்டம் ஹவுஸ், அப்புறம் ஹார்பர், அப்புறம் மணலி, மாதவரம், திருவொற்றியூர் பக்கம் இருக்கற கன்டெய்னர் யார்டுன்னு வண்டில சுத்திக்கிட்டே இருப்பாங்க. ஆபீஸ்ல ஒருத்தங்க ஒரு நம்பர் தப்பா அடிச்சா ஃபீல்டு பையன் தான் கவுன்டர் முன்னாடி வேகாத வெயில்ல நிக்கணும், அங்க இருந்து போன் போட்டு கத்துவான், இவங்க இங்க இருந்து கத்துவாங்க, ரெண்டு பேருக்கும் ஒருத்தர் மூஞ்சி ஒருத்தருக்கு சரியா தெரியாது. டிரெய்லர் டிரைவர் அண்ணனுங்க கதை இன்னும் மோசம், எண்ணூர் ரோட்ல ஹார்பர் கேட்டுக்கு க்யூல நின்னா எப்ப உள்ள போவோம்னே தெரியாது, வண்டிலயே சாப்பாடு, வண்டிலயே தூக்கம். இப்படி இருக்கற எடத்துல "எம்ப்ளாயி என்கேஜ்மென்ட்"டுன்னு (ஆளுங்கள கம்பெனியோட ஒட்ட வைக்கறதுக்கு வச்ச பேரு) போஸ்டர் ஒட்டி என்னா பண்றது.

மதியம் ஆச்சுன்னா அக்கவுன்ட்ஸ் ஆளுங்க கம்ப்யூட்டர் முன்னாடியே டப்பாவ தொறப்பாங்க, டாக்குமென்டேஷன் பொண்ணுங்க நாலு பேர் ஒரு மூலைல, மேனேஜருங்க கேபின் உள்ள, ஃபீல்டு பசங்க கைல காசு இருந்தா பிரியாணி கடை, மாசக் கடைசின்னா அம்மா உணவகம் (2013ல இருந்து சாம்பார் சாதம் 5 ரூபா, தயிர் சாதம் 3 ரூபா, அது இல்லன்னா எங்க பசங்க பாதி பேர் மாசக் கடைசில டீயும் பன்னும் தான்). ஹவுஸ்கீப்பிங் அக்கா எல்லாரும் முடிச்ச பிறகு மாடிப்படி கிட்ட தனியா உக்காந்து சாப்புடும். நீங்க உங்க ஆபீஸ்ல ஒரு நாள் சும்மா நடந்து பாருங்க, யார் எங்க சாப்புடறாங்கன்னு பாத்தாலே கம்பெனில எங்கெங்க சுவர் இருக்குன்னு தெரிஞ்சிடும், சர்வே ஃபார்ம் எல்லாம் தேவையே இல்ல.

பெரிய ஃபாக்டரிங்களுக்கு இது சட்டத்துலயே இருக்கு. 1948 ஃபாக்டரி சட்டப்படி 250 பேருக்கு மேல வேலை செய்ற ஃபாக்டரில கேன்டீன் வைக்கணும், 150 பேர தாண்டினா உக்காந்து சாப்புட ரூம் வைக்கணும்னு இருந்துச்சு. 2020ல வந்த தொழிலாளர் பாதுகாப்பு சட்டத் தொகுப்புல அந்த 250ஐ 100ஆ கொறைச்சிட்டாங்க, அதுலயும் கான்ட்ராக்ட் ஆளுங்களையும் சேத்து எண்ணனும்னு இருக்கு. எண்ணூர், மணலி, திருவொற்றியூர் பெல்ட்ல வளந்தவங்களுக்கு கேன்டீன்னா என்னன்னு சொல்லவே வேணாம், எங்க பெரியப்பா ஒரு ஃபாக்டரில இருந்தாரு, வீட்ல இன்னா கொழம்புன்னு தெரியாது, ஆனா கேன்டீன்ல இன்னா போட்டாங்கன்னு தினம் சொல்லுவாரு. அவர் சொன்னதுல எனக்கு மறக்காத விஷயம் ஒன்னு, அங்க ஆபீசருங்களுக்கு தனி ஹால், பர்மனென்ட்டுக்கு ஒரு லைன், கான்ட்ராக்ட் ஆளுக்கு வேற டோக்கன், வேற டைம். ஒரே அடுப்புல வெந்த சோறு தான், ஆனா மூணு ஜாதியா பிரிச்சு போடறது. இப்படி கேன்டீன் நடத்தறதுக்கு கேன்டீன் இல்லாமலே இருக்கலாம், தினமும் மதியம் ஒரு தடவை "நீ யாரு, உன் எடம் எது"ன்னு ஞாபகப்படுத்தற ஏற்பாடு அது.

வெளிநாட்ல இத ஆராய்ச்சி பண்ணிருக்காங்க. கார்னெல் பல்கலைக்கழகத்துல கெவின் நிஃபின்னு ஒருத்தரும் அவர் கூட இருந்தவங்களும் ஒரு பெரிய அமெரிக்க ஊர்ல தீயணைப்பு நிலையங்கள பாத்து 2015ல ஒரு கட்டுரை போட்டாங்க, சேந்து சமைச்சு சேந்து சாப்புடற குழுக்கள் வேலையும் நல்லா செய்றதா அவங்க மேலதிகாரிங்களே மார்க் போட்டிருக்காங்க. எனக்கு அதுல புடிச்ச விஷயம் வேற, "நீங்க ஏன் சேந்து சாப்புடறதில்ல"ன்னு சில நிலையத்துல கேட்டப்ப அவங்களுக்கு ஒரு மாதிரி கூச்சமா போயிடுச்சாம். அங்க சாப்பாட்டு செலவ அவங்களே பங்கு போட்டுக்கறாங்க, யாரும் இலவசமா போடல, இதையும் கவனிங்க. ஆனா நல்ல டீமா இருக்கறதால சேந்து சாப்புடறாங்களா, சேந்து சாப்புட்டதால நல்ல டீம் ஆனாங்களான்னு அத வச்சு பிரிச்சு சொல்ல முடியாது, அதனால உங்க முதலாளி கிட்ட "சாப்பாடு போட்டா பெர்ஃபார்மன்ஸ் ஏறும்னு ஆராய்ச்சி சொல்லுது"ன்னு அளந்து விடாதீங்க.

சரி, நம்ம ஊர்ல சமைச்சு எடுத்துட்டு வந்து பங்கு போட்டுக்கலாமான்னா, தயவுசெஞ்சு வேணாம். நிறைய ஆபீஸ்ல "பாட்லக்"குன்னு ஆரம்பிப்பாங்க, நடக்கறது என்னன்னா பொம்பளைங்க காலைல நாலு மணிக்கு எழுந்து தண்ணி லாரிக்கு கொடம் போட்டு, புள்ளைங்கள ஸ்கூலுக்கு ரெடி பண்ணி, அதுக்கு மேல இருவது பேருக்கு லெமன் சாதம் கிண்டி, பஸ்ல தூக்கிட்டு வருவாங்க, ஆம்பளைங்க வரும்போது ரெண்டு சிப்ஸ் பாக்கெட்டும் ஒரு கூல்ட்ரிங்க்ஸ் பாட்டிலும் வாங்கிட்டு வருவாங்க. கடைசில பாத்திரம் கழுவறது யாருன்னு கேக்கவே வேணாம். ஒட்டுதல் வரல, எரிச்சல் தான் வரும், அதுவும் வாய்விட்டு சொல்ல முடியாத எரிச்சல்.

நாங்க பண்றது புதன்கிழமை மதியம், வெளிய இருந்து சாப்பாடு, ஆனா பொட்டலமா இல்ல, அண்டால. கட்டில் மாதிரி நீளமா மடக்கு டேபிள் போட்டு, சில்வர் தட்டு, பந்தி மாதிரி. பரிமாறறது சுத்து முறை, இந்த வாரம் அக்கவுன்ட்ஸ்னா அடுத்த வாரம் மேனேஜருங்க. எங்க எம்டி வாளிய புடிச்சுக்கிட்டு "ரசம் வேணுமா"ன்னு கேட்டப்ப முதல் நாள் எல்லாரும் கூச்சப்பட்டுக்கிட்டே சாப்புட்டாங்க, இப்ப "இன்னா சார், கூட்டு எனக்கு மட்டும் கம்மியா போடறீங்க"ன்னு ஃபீல்டு பசங்க கலாய்க்கறாங்க. ரூல் ஒன்னே ஒன்னு தான் வச்சோம், ஹவுஸ்கீப்பிங் அக்காவும் செக்யூரிட்டி அண்ணனும் முதல் பந்தில உக்காரணும். அக்கா ரொம்ப நாள் "நான் அப்புறம் சாப்புடறேம்பா, நீங்க சாப்புடுங்க"ன்னு நழுவிக்கிட்டே இருந்துச்சு, டாக்குமென்டேஷன்ல ஒரு பொண்ணு தான் கைய புடிச்சு இழுத்து பக்கத்துல உக்கார வச்சுது, அதுக்கு மேனேஜ்மென்ட் சர்குலர் போட்டிருந்தா நடந்திருக்காது.

இன்னா சாப்பாடுங்கறது தான் பெரிய தலைவலி, நம்ம ஏரியால குறிப்பா. எங்க ஆபீஸ்ல சவுகார்பேட்டை ஜெயின் பசங்க இருக்காங்க, வெங்காயம், பூண்டு, கிழங்கு எதுவும் ஆகாது. மண்ணடி ஆளுங்களுக்கு ஹலால். ராயபுரத்து கிறிஸ்டியன் அக்காங்க தவக்காலத்துல கறி தொட மாட்டாங்க. புரட்டாசில பாதி ஆபீஸ் சைவம், கார்த்திகைல மாலை போட்டவங்க தனி. காசிமேட்டு பையனுக்கு மீன் இல்லன்னா அது சாப்பாடே இல்ல. இதுக்கெல்லாம் ஒரே மெனு தேடுனா கடைசில யாருக்கும் புடிக்காத வெஜ் புலாவ் தான் மிஞ்சும். நாங்க அடிப்படை சாப்பாடு சைவமா வச்சிட்டு, மீன் கொழம்போ கோழியோ பக்கத்துல தனி பாத்திரம், தனி கரண்டி, ஜெயின் பசங்களுக்கு அவங்க தெருலயே ஒரு மெஸ்ல தனி டப்பா. ஆனா டேபிள் ஒன்னு தான், சைவ டேபிள் அசைவ டேபிள்னு பிரிக்க கூடாதுன்னு அதுல மட்டும் நான் பிடிவாதமா நின்னேன்.

வீட்ல இருந்து கொண்டு வர்ற சாப்பாடு பத்தியும் சொல்லிடறேன், ஏன்னா மத்த நாலு நாளும் அது தானே. ஒரு தடவை பேன்ட்ரில கருவாடு சூடு பண்ணாங்கன்னு ஒருத்தர் கம்ப்ளைன்ட் மெயில் போட்டார், அசைவம் சூடு பண்ண கூடாதுன்னு போர்டு வைக்க சொன்னார். இன்னொரு பையன் வியாசர்பாடி, வீட்ல இருந்து பீஃப் கொண்டு வருவான், யாரோ மூஞ்சிய சுளிச்சாங்கன்னு அவன் ஒரு மாசமா வெளிய போய் சாப்புட்டுட்டு இருந்தான், எனக்கு அது லேட்டா தான் தெரிய வந்துது. போர்டு வைக்கல. எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டோம், ஜன்னல் பக்கம் ரெண்டு டேபிள் தள்ளி போட்டோம், அடுத்தவன் டப்பாவ பத்தி யாரும் கமென்ட் அடிக்க கூடாதுன்னு எம்டி வாயாலயே சொல்ல வச்சோம். புதன்கிழமை ஆயிரம் ரூபா சாப்பாடு போட்டாலும், வியாழக்கிழமை ஒருத்தன் தன் அம்மா கட்டி குடுத்த டப்பாவ ஒளிச்சு ஒளிச்சு தொறந்தான்னா அவன் உங்க கம்பெனில நிக்க மாட்டான், நின்னாலும் மனசு நிக்காது.

மதிய சாப்பாட்ட விட எங்களுக்கு நல்லா வேலை செஞ்சது சாயங்காலம் தான், இத நான் எதிர்பாக்கல. மாசக் கடைசில கட் ஆஃப் டைம் (கப்பலுக்கு சரக்கு ஒப்படைக்கற கெடு) நெருக்கும்போது எல்லாரும் லேட்டா இருப்பாங்க, அப்ப பர்மா பஜார் பக்கம் இருந்து அத்தோ (பர்மா நூடுல்ஸ்), முட்டை மசாலா, வாழத்தண்டு சூப்பு வாங்கிட்டு வந்து நின்னுக்கிட்டே சாப்புடுவோம். எங்க ஆபீஸ்ல ஒரு அண்ணன் குடும்பம் அறுபதுகள்ல ரங்கூன்ல இருந்து எல்லாத்தையும் விட்டுட்டு கப்பல் ஏறி வந்தவங்க, அவர் இத்தன வருஷமா பேசாத மனுஷன், அத்தோ சாப்புடும்போது அவங்க பாட்டி மொய்ங்கா (பர்மாக்காரங்க மீன் கொழம்பு ஊத்தி சாப்புடற நூடுல்ஸ்) எப்படி வைப்பாங்கன்னு ஆரம்பிச்சு அரை மணி நேரம் பேசினார், ஃபீல்டு பசங்க வாய தொறந்துட்டு கேட்டுட்டு இருந்தாங்க. அதே மாதிரி ஆடி மாசம் கொருக்குப்பேட்டை அக்கா ஒருத்தங்க கோயில் கூழ் கொண்டு வருவாங்க, ரம்ஜான்ல மண்ணடில இருந்து நோன்புக் கஞ்சி தூக்குல வரும், ஆயுத பூஜைக்கு பொரி, கடலை, சுண்டல். இதுக்கெல்லாம் கம்பெனி காசே குடுக்கறதில்ல, வேலைய பத்து நிமிஷம் நிறுத்த விட்டா போதும்.

ஒரு விஷயத்துல மட்டும் கறாரா இருங்க, சாப்புடற டைம்ல மீட்டிங் கூடாது. முன்னாடி நான் இருந்த கம்பெனில வெள்ளிக்கிழமை பீட்சா வாங்கி குடுத்து புரொஜெக்டர ஆன் பண்ணி டார்கெட் காட்டுவாங்க, பீட்சா வாசனை வந்தாலே வயிறு கலக்கும். அந்த 1948 ஃபாக்டரி சட்டமே அஞ்சு மணி நேரத்துக்கு மேல ஒரேயடியா வேலை வாங்காம நடுவுல அரை மணி நேரம் ஓய்வு குடுன்னு தான் சொல்லுச்சு, அத பீட்சா குடுத்து திருடறதுக்கு பேர் என்கேஜ்மென்ட் இல்ல. அதே மாதிரி சம்பளம் பத்தாம் தேதி வரைக்கும் இழுக்கற கம்பெனி சாப்பாடு போட்டா ஆளுங்க சிரிப்பாங்க, சாப்புட்டுட்டு சிரிப்பாங்க.

எங்களுக்கு என்ன மாறுச்சுன்னா, ஃபீல்டுல இருந்து வர்ற போன்ல இப்பவும் சத்தம் வருது, ஆனா "யாரு அந்த டாக்குமென்ட் அடிச்சது"ன்னு வர்றதில்ல, பேர் சொல்லி "அக்கா, மார்க்ஸ் அண்ட் நம்பர்ஸ் கொஞ்சம் பாரு, கவுன்டர்ல நிக்கறேன்"னு வருது (பெட்டி மேல இருக்கற அடையாளமும் நம்பரும் தான் அது). புதுசா சேந்த பசங்க யார் கிட்ட எத கேக்கணும்னு சீக்கிரம் தெரிஞ்சிக்கறாங்க. போறவங்க போய்ட்டு தான் இருக்காங்க, வெளிய சம்பளம் கூட குடுத்தா போகத்தான் செய்வாங்க, அத சோறு தடுக்காது. டிரைவர் அண்ணனுங்கள மட்டும் இன்னும் சரியா சேக்க முடியல, அவங்க க்யூ எப்ப நகரும்னு யாருக்கும் தெரியாது, யார்டுக்கு கேரியர்ல குடுத்து அனுப்பறோம், அது சேந்து சாப்புடறது ஆகாது, ஆனா பட்டினி இல்ல.

நீங்க ஆரம்பிக்கறதா இருந்தா பெரிய கேட்டரிங் கம்பெனி கொட்டேஷன் வாங்கறதுக்கு முன்னாடி உங்க தெருல மெஸ் நடத்தற அக்காங்கள, மகளிர் சுய உதவிக் குழுவ கேட்டு பாருங்க, விலையும் கட்டுப்படியாகும், காரம் கம்மி பண்ணுன்னா அடுத்த வாரமே கேப்பாங்க, உணவுப் பாதுகாப்பு பதிவு இருக்கான்னு மட்டும் பாத்துக்கோங்க. வெள்ளிக்கிழமை வைக்காதீங்க, ஜும்ஆ தொழுகைக்கு போறவங்க திரும்ப ரெண்டு மணி ஆகும், அவங்க வர்றதுக்குள்ள அண்டா காலி ஆயிடும். அப்புறம் மெஸ் அக்காவுக்கு "முப்பது நாள் கிரெடிட், இன்வாய்ஸ் அனுப்பு"ன்னு கம்பெனி பழக்கத்த காட்டாதீங்க, அவங்க காலைல கடன் வாங்கி தான் மீன் எடுத்திருப்பாங்க, அன்னிக்கு சாயங்காலமே கைல காச குடுத்துடுங்க.