கணினி கேள்வி–பதில்: யூமவுண்ட் கொடுத்தால் உறைந்து நிற்கிறதா?

கேள்வி: மதுரை சிம்மக்கல்லில் அச்சகம் நடத்துகிறோம். டிசைன் கோப்புகள் எல்லாம் மாடியில் இருக்கும் உபுண்டு சர்வரில் உள்ளன. கீழே இரண்டு லினக்ஸ் கணினிகளில் அதை என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழிக் கோப்புப் பகிர்வு) மூலம் மவுண்ட் செய்து, அதாவது ஒரு ஃபோல்டராக இணைத்து, வைத்திருக்கிறோம். கரன்ட் போய் வந்தால், அந்த இணைப்பைப் பிரிக்கும் ‘யூமவுண்ட்’ கட்டளை முடிவதே இல்லை. கன்ட்ரோல்-சி அடித்தாலும் நிற்பதில்லை. பவர் பட்டனை அழுத்தி அணைப்பதுதான் வழியா?

பதில்: பவர் பட்டனில் கை வைக்காதீர்கள். சர்வருக்கு இன்னும் போய்ச்சேராத கோப்புப் பகுதிகள் அந்தக் கணினியின் ரேமில் இருக்கலாம். அணைத்தால் அவ்வளவும் போய்விடும்.

என்எஃப்எஸ் மவுண்ட் இயல்பிலேயே ‘ஹார்டு’ வகை. சர்வர் பதில் சொல்லவில்லை என்றால் பிழை காட்டி விலகாது. பதில் வரும்வரை கேட்டுக்கொண்டே இருக்கும். யூமவுண்ட் கட்டளை, எழுதாமல் மிச்சம் இருப்பதை அனுப்பி முடித்த பிறகே பிரிக்கும். எதிர்முனையில் ஆள் இல்லாததால் அப்படியே நிற்கிறது. ஆகவே பழுது பார்க்க வேண்டிய இடம் யூமவுண்ட் அல்ல, சர்வருக்குப் போகும் வழி.

கெர்னலின் (லினக்ஸின் மையப் பகுதி) பதிவைக் காட்டும் ‘ஜர்னல்சிடிஎல் -கே’ கொடுத்துப் பாருங்கள். சர்வரின் பெயர் அல்லது ஐபி எண்ணோடு ‘நாட் ரெஸ்பான்டிங், ஸ்டில் ட்ரையிங்’ என்று வரி இருந்தால் நோய் இதுதான். ‘பிஎஸ் ஆக்ஸ்’ பட்டியலில் ஸ்டாட் என்ற பத்தியில் ‘டி’ எழுத்து உள்ள புரோகிராம்கள்தான் மாட்டிக்கொண்டு நிற்பவை. இந்த நேரத்தில் டிஸ்க் இடத்தைக் காட்டும் ‘டிஎஃப்’ கொடுப்பதோ ஃபைல் மேனேஜரைத் திறப்பதோ வேண்டாம். அவையும் சர்வரைக் கேட்கப் போய் உறைந்துவிடும். என்னென்ன மவுண்ட் ஆகியிருக்கிறது என்று பார்க்க ‘கேட் /ப்ராக்/மவுண்ட்ஸ்’ போதும். அது சர்வரைத் தொடாது.

அடுத்து மாடிக்குப் போங்கள். கரன்ட் போய் வந்த இடத்தில் பெரும்பாலும் இரண்டு காரணங்களே இருக்கும். ஒன்று, கணினிகள் யூபிஎஸ்ஸில் ஓட, நடுவில் உள்ள நெட்வொர்க் சுவிட்ச் மட்டும் சாதாரண பிளக்கில் இருப்பது. சிறிய சுவிட்ச் சில வாட் மட்டுமே இழுக்கும்; அதையும் யூபிஎஸ்ஸில் போடுங்கள். இரண்டாவது, ரவுட்டர் அணைந்து எழுந்ததும் சர்வருக்கு வேறு ஐபி கொடுத்துவிடுவது. சர்வர் நன்றாகத்தான் ஓடும், ஆனால் கீழே உள்ள கணினி பழைய எண்ணிலேயே தட்டிக்கொண்டிருக்கும். சர்வருக்குப் பழைய ஐபியையே திரும்பக் கொடுங்கள். கெர்னல் பதிவில் ‘ஓகே’ என்ற வரி வந்து, தேங்கிய எழுத்துகள் தானாகப் போய்ச்சேரும், யூமவுண்டும் முடியும். சர்வர் முழுதாக ரீஸ்டார்ட் ஆகியிருந்தால் பொறுமை வேண்டும்: என்எஃப்எஸ் வெர்ஷன் 4-இல் பழைய கோப்புப் பூட்டுகளை (ஒரு கோப்பை ஒருவர் பிடித்திருப்பதற்கான குறிப்பு) மீட்டுக்கொள்ள இயல்பாக 90 விநாடி அவகாசம் உண்டு. அதற்குள் பதறி எதையும் வெட்டாதீர்கள். பிறகு ரவுட்டரில் அந்த ஐபியை சர்வருக்கென்றே ஒதுக்கி வையுங்கள்.

சர்வர் இனி எழாது என்று உறுதியானால் மட்டும் பலவந்தம். மாட்டிய புரோகிராம்களை ‘கில் -9’ கொடுத்து முடியுங்கள். சாதாரண கில்லுக்கு அசையாதவையும் இப்போதைய கெர்னல்களில் இதற்கு இறங்கிவிடும். பிறகு அந்த ஃபோல்டருக்கு வெளியே நின்று, முழுப் பாதையோடு ‘யூமவுண்ட் -எஃப்’. சிம்லிங்க் (வேறொரு பாதையைக் காட்டும் குறுக்குவழி) வழியாகக் கொடுத்தால் அதைத் தேடப் போயே கட்டளை மறுபடி உறையலாம். முதல் தடவை ‘பிஸி’ என்று வந்தால் இன்னொரு தடவை கொடுங்கள். காத்திருந்த கோரிக்கைகள் முதல் தடவையிலேயே அறுந்திருக்கும். அறுந்ததில் எழுதாத தரவும் அடக்கம் என்பது நினைவில் இருக்கட்டும்.

‘யூமவுண்ட் -எல்’ கடைசிப் படி. பலர் இதைத்தான் முதலில் எடுக்கிறார்கள், அது தவறு. கண்ணுக்கு ஃபோல்டர் பிரிந்துவிடும். உள்ளே கோப்பைப் பிடித்திருக்கும் புரோகிராம் அதே சர்வருக்காகக் காத்துக்கொண்டுதான் இருக்கும். எது எங்கே தொங்குகிறது என்று பிறகு கண்டுபிடிப்பதும் கடினம்.

மவுண்ட்டை, பதில் வராவிட்டால் பிழை காட்டி விலகும் ‘சாஃப்ட்’ வகைக்கு மாற்றினால் உறையாதே என்பீர்கள். உண்மைதான். ஆனால் சர்வர் கொஞ்சம் தாமதித்தாலும் எழுதுவது பாதியில் நின்று கோப்பு கெடலாம். படங்களைப் படிக்க மட்டும் உள்ள மவுண்ட்டில், ரீட்-ஒன்லி ஆக்கி, சாஃப்ட் போடலாம். வேலை சேமிக்கும் மவுண்ட்டில் வேண்டவே வேண்டாம். பதிலுக்குக் காத்திருக்கும் நேரமான ‘டைமியோ’ மதிப்பு விநாடியில் பத்தில் ஒரு பங்கு என்பதையும் கவனியுங்கள்: 30 என்று எழுதினால் 3 விநாடிதான்.

கேள்வி: எங்கள் சர்வர் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனாலும் ‘டார்கெட் இஸ் பிஸி’ என்று வருகிறதே? – திருமங்கலம் வாசகர்

பதில்: இது உறைவது அல்ல, யாரோ உள்ளே இருக்கிறார்கள். யார் என்று காட்டும் ‘ஃப்யூசர் -விஎம்’ கட்டளையை மவுண்ட் பாதையோடு கொடுங்கள். பட்டியலில் ‘சி’ என்று இருந்தால் ஏதோ ஒரு டெர்மினல் அந்த ஃபோல்டருக்குள் நிற்கிறது. ‘சிடி’ கொடுத்து வெளியே வந்தால் போதும். ‘எஃப்’ என்றால் கோப்பு திறந்திருக்கிறது. ‘கெர்னல்’ என்று வரும் வரி மவுண்ட்டையே குறிப்பது, அதை விடுங்கள்.

இதே கட்டளையில் ‘-கே’ சேர்த்தால் எல்லாவற்றையும் கொன்றுவிடும் என்று இணையத்தில் படித்து அவசரப்படாதீர்கள். அந்தப் பாதை ஏற்கெனவே பிரிந்து வெறும் ஃபோல்டராக இருந்தால், சிறிய எழுத்து ‘-எம்’ அது இருக்கும் டிஸ்க் முழுவதையும் எடுத்துக்கொள்ளும். கணினியில் ஓடுவதெல்லாம் விழும். கொல்லத்தான் வேண்டும் என்றால் பெரிய எழுத்து ‘-எம்’ விருப்பத்தையும் சேருங்கள். அந்தப் பாதை மவுண்ட் பாயின்ட்டாக (மவுண்ட் இணைந்திருக்கும் ஃபோல்டராக) இருந்தால் மட்டுமே கட்டளை வேலை செய்யும்.

கேள்வி: விண்டோஸ் கணினியின் ஷேரை லினக்ஸில் சிஐஎஃப்எஸ் ஆக மவுண்ட் செய்கிறேன். விண்டோஸ் தூங்கிவிட்டால் யூமவுண்ட் சில நிமிடம் நிற்கிறது. – மேலூர் வாசகர்

பதில்: சிஐஎஃப்எஸ் இயல்பாகவே சாஃப்ட், எனவே காலத்துக்கும் நிற்காது. எதிர்முனை இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கும் இடைவெளியான ‘எக்கோ இன்டர்வெல்’ இயல்பு மதிப்பு 60 விநாடி. அதன் மூன்று மடங்கு (பழைய கெர்னல்களில் இரு மடங்கு) கடந்த பிறகே எதிர்முனை பதில் சொல்லவில்லை என்று முடிவு செய்து மறுஇணைப்புக்குப் போகும். மவுண்ட் விருப்பங்களில் அதை 10 ஆக்குங்கள். ஷேர் கொடுக்கும் விண்டோஸ் கணினியில் பவர் ஆப்ஷன்ஸில் ஸ்லீப்பை ‘நெவர்’ என்று வையுங்கள்.