கூட்டினால் எட்டு வருகிறதா?

கேள்வி: புதிதாக வாங்கிய சிம் கார்டின் பத்து இலக்க எண்ணைக் கூட்டினால் 8 வருகிறது. "சனியோட நம்பர், உடனே மாத்துங்க" என்கிறார் மைத்துனர். வேறு நம்பருக்கு 4,000 ரூபாய் கேட்கிறார்கள். இவ்வளவு பெரிய எண்ணுக்கு உண்மையிலேயே குணம் என்று ஏதாவது உண்டா?
– ஒரு வாசகர், திருவல்லிக்கேணி, சென்னை 600005

பதில்: மாற்றாதீர்கள். 4,000 ரூபாய் உங்களிடமே இருக்கட்டும்.

இலக்கங்களைக் கூட்டிக் கூட்டி ஒற்றை இலக்கத்துக்குக் கொண்டுவருவதும், எண்ணை 9ஆல் வகுத்து மீதியைப் பார்ப்பதும் ஒன்றுதான். உங்களுக்கு மீதி 8. அதற்கு மேல் அதில் எந்தச் சேதியும் இல்லை. பத்து இலக்க எண்கள் மொத்தம் 900 கோடி. அவற்றில் சரியாக 100 கோடி எண்களுக்கு இதே 8 வரும். அத்தனைக்கும் பொதுவான ஒன்றை உங்கள் எண்ணின் குணம் என்று எப்படிச் சொல்வது?

ஆனால் குணம் உண்டு. அது காரணிகளில் இருக்கிறது. உங்கள் பின்கோடையே பாருங்கள்: 600005 = 5 × 7 × 7 × 31 × 79. இந்தப் பகா எண்களை இதே கணக்கில் பெருக்கினால் வேறு எந்த எண்ணும் வராது.

உங்கள் திருவல்லிக்கேணியில் குடியிருந்து, துறைமுகத்தில் குமாஸ்தா வேலை பார்த்தவர் ராமானுஜன். 1914இல் கப்பலேறினார். 1915இல் லண்டன் கணிதக் கழகத்தின் இதழில் அவருடைய நீண்ட கட்டுரை வந்தது. தன்னைவிடச் சிறிய எல்லா எண்களையும்விட அதிகக் காரணிகள் கொண்ட எண்கள் எவை என்பதுதான் கேள்வி. 12க்கு 6 காரணிகள், 60க்கு 12. அதற்குக் கீழே உள்ள எதற்கும் அத்தனை கிடையாது. கணினி இல்லாத அந்தக் காலத்தில் இப்படி 102 எண்களைப் பட்டியலிட்டார். கடைசி எண் 6746328388800, அதாவது ஆறேமுக்கால் லட்சம் கோடிக்குச் சற்றுக் குறைவு. அதில் 2 ஆறு தடவை, 3 நான்கு தடவை, 5உம் 7உம் இரண்டிரண்டு தடவை, 11, 13, 17, 19, 23 ஒவ்வொரு தடவை. எத்தனை தடவை என்ற அந்த எண்ணிக்கை ஒவ்வொன்றோடும் 1 கூட்டிப் பெருக்குங்கள்: 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 × 2. மொத்தம் 10080 காரணிகள்!

அந்தப் பட்டியலில் ஓர் எண் விட்டுப்போயிற்று: 293318625600. அதை 23ஆல் பெருக்கினால் வருவது அவருடைய அந்தக் கடைசி எண்ணேதான். பெருக்கிப் பார்த்த அன்று அந்தத் தாளைக் கீழே வைக்க எனக்கு மனம் வரவில்லை.

சரி, உங்கள் எண்ணுக்கு வருவோம். அந்த 8 ஒரு விதத்தில் உதவும்: உங்கள் எண் 3ஆல் வகுபடாது என்பது அதிலிருந்தே தெரிகிறது. அப்புறம் 2, 5, 7, 11 என்று வகுத்துக்கொண்டே போங்கள். ஒரு லட்சத்துக்குள் உள்ள எந்தப் பகா எண்ணாலும் வகுபடவில்லை என்றால் உங்கள் நம்பரே பகா எண். மைத்துனரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள், வகுக்க நிறைய இருக்கிறது.